இளநிலை நாக்கு

தேநீரை விழுங்குகிறவன் தேநீரைப் பற்றிப் பேச லாயக்கில்லாதவன். நான் சொல்லவில்லை. நறுமணத் தேநீர்த் தர மன்றத்தின் வாசலில், உள்ளே நுழைகிறவன் தலையில் இடிக்கிற உயரத்தில், பித்தளை எழுத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள். முதல் தடவை போனபோது என் தலையிலும் இடித்தது. அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் எங்களை வரச் சொன்னது என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. அவன் அங்கே இளநிலை நாக்காக இருந்தான்.

நாக்கு என்பது பதவியின் பெயர். மன்றத்தில் தேநீரைச் சுவை பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் எல்லோரும் நாக்குகள். மேலே தலைமை நாக்கு, அவருக்குக் கீழே துணை நாக்குகள், அவர்களுக்கும் கீழே இளநிலை நாக்குகள். ஓய்வு பெற்ற நாக்குகள் வராந்தாவில் உட்கார்ந்து, இப்போது வருகிற நாக்குகளெல்லாம் ஒரு நாக்கா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் நான் மச்சானை, "என்ன நாக்கு, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் அவனுக்கு முகம் சுருங்கும். "இளநிலைன்னு சேர்த்துச் சொல்லுங்க மாமா, மேல இருக்கறவங்க காதுல விழுந்தா தப்பாயிடும்" என்பான். எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவர்களைத் தவிர மேலே யாரும் கிடையாது.

எங்களுக்கு ஒரு சின்ன டீக்கடை. பெரிய மருத்துவமனைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு வெளியே காத்திருக்கிறவர்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. மூலையில் இருக்கும் மேசைக்கு எப்போதும் ஒரு நாற்காலி குறையும். யாராவது ஒருவர் நின்றுகொண்டே குடிப்பார். வாங்கிப் போட வேண்டும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பால் டீ எந்தக் கடையிலும் கிடைக்கும். எங்கள் கடையைத் தேடி ஆள் வந்தது என் மனைவி போட்ட ஒரே ஒரு டீக்காக. பால் சேர்க்காத கறுப்புத் தேயிலை, காய வைத்த ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் எலுமிச்சைத் தோல், ரோஜா இதழ். அதுதான் எங்கள் பிழைப்பு.

அந்த டீ பிறந்ததே மச்சானால்தான். அவன் மன்றத்தின் நாக்குத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே ருசியும் போனது. உப்பைக் கொடுத்தாலும் சர்க்கரையைக் கொடுத்தாலும் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்றான். "அக்கா, என் வாழ்க்கையே போச்சு" என்று அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். இவள் சும்மா இருப்பாளா. கையில் கிடைத்த தோலையும் பூவையும் தேயிலையில் போட்டுப் போட்டு அவன் வாயில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நானும் அவற்றையெல்லாம் குடித்துப் பார்த்தேன், சில நாள் பாத்திரம் கழுவிய தண்ணீர்கூட இதைவிடத் தேவலை என்றிருக்கும். ஒருநாள் அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆரஞ்சு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அதுக்குப் பின்னாடி ஒரு பூ" என்றான். அவள் அழுதாள், அவனும் அழுதான். கடையில் ஆள் இருந்ததால் நான் அழவில்லை.

தேர்வில் தேறி நாக்கானான். அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் அவனுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் போவான். கடைசி வாயை மட்டும் உடனே விழுங்க மாட்டான். கண்ணை மூடி, கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து, பிறகு இறக்குவான். அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டு இவள் நிற்பாள். எனக்கு அப்படி ஒருநாளாவது நின்றதில்லை, அது வேறு விஷயம்.

ஒருநாள் அவனாகவே ஆரம்பித்தான்.

"அக்கா, இதுக்கு மன்ற முத்திரை வாங்கிடலாம். முத்திரை இருந்தா பெரிய கடைங்கல்லாம் டப்பாவுல அடைச்சுக் கேட்பாங்க."

"இப்பவே நல்லாத்தானே ஓடுது?" என்றேன் நான்.

"எவ்வளவு நாளைக்கு மாமா மருத்துவமனை வாசல்லயே உட்கார்ந்திருப்பீங்க? உள்ள நான் இருக்கேன்ல. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்."

"முத்திரை குடுக்கலன்னா?"

"குடுக்காம எப்படி மாமா?" என்று சிரித்தான். அது என் கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. என் மனைவிக்குத் தோன்றவில்லை. தம்பி சொல்லிவிட்டான் என்றால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. விண்ணப்பிக்காத டீயைப் பற்றி மன்றம் கேள்வி கேட்காது, விண்ணப்பித்துத் தேறாத டீயை யாருமே விற்கக் கூடாது என்ற விதி எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவனுக்கு அன்றைக்கே தெரியும்.

டீத்தூளை ஒரு தகர டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். வாசல் காவலாளி கையைக் காட்டி எங்களை நிறுத்தி, என் தோளில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

"சட்டையை சோப்பு போட்டுத் துவைச்சிருக்கீங்க" என்றார், திருடனைப் பிடித்த குரலில்.

"ஆமாங்க."

"அப்ப மணம் ஆறும் அறையில உட்காருங்க. சோப்பு வாசனை போனதும் கூப்பிடுவாங்க."

"துவைக்காம வந்திருந்தா?"

"அதுக்கு வேற அறை."

மணம் ஆறும் அறையில் ஒரு மின்விசிறியும் எங்களைப் போலச் சிலரும் இருந்தார்கள். ஏலக்காய் டீக்கு முத்திரை கேட்டு வந்த ஒருவர் அங்கேயே தாடி வளர்த்திருந்தார். அவருக்குத் தன் டீயின் வாசனையே உடம்பில் ஊறிவிட்டதாம். அது போனால்தான் உள்ளே விடுவார்களாம், அது போய்விட்டால் தன்னிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று எங்களிடம் கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஒரு வழியாக உள்ளே போனால், எங்கள் டீயை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தகராறு. மன்றத்தில் புளிப்புப் பழத் தோலுக்கு ஒரு பிரிவு, பூவுக்கு ஒரு பிரிவு. நடுவில் ஒரு நடைபாதை. இரண்டு பிரிவும் பேசிக்கொள்வதில்லை. ஏதோ ஒரு காலத்தில் ஒரு பிரிவின் நாற்காலியை மற்றப் பிரிவு எடுத்துக்கொண்டதாம்.

தோல் பிரிவு அதிகாரி எங்கள் டீயை உறிஞ்சினார். அந்தச் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டது. பிறகு துப்பினார். அவருக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு பித்தளைப் படிக்கம் இருந்தது. நாக்குகள் துப்புகிற பாத்திரத்துக்கு மன்றத்தில் இன்னமும் அந்தப் பெயர்தான். பதவி உயர உயரப் படிக்கமும் பெரிதாகும் என்று மச்சான் ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

"எப்படிங்க இருக்கு, நல்லா இருக்கா?" என்று இவள் கேட்டுவிட்டாள்.

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இந்தக் கட்டடத்துல அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கம்மா. இங்க ஒருத்தர் வாய் தவறி, நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. இப்ப அவரு கிடங்குல சாக்கு எண்ணிட்டிருக்காரு." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "இதுல பூ வாசனை அடிக்குது. அது கலப்படம். பூவை எடுத்துட்டு வாங்க" என்றார்.

எதிர்ப்பக்கம் போனோம். பூப் பிரிவு அதிகாரி அதே டீயை உறிஞ்சித் துப்பிவிட்டு, "தோல் வாசனை பூவை அமுக்குது. தோலை எடுத்துட்டு வாங்க" என்றார்.

"ரெண்டையும் எடுத்தா என்னங்க மிஞ்சும்?" என்று இவள் கேட்டாள்.

"வெறும் தேயிலை. அதுக்குக் கீழ்த்தளம்."

கீழ்த்தளத்தில் இருந்தவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. "வெறும் தேயிலைல புதுசா என்ன இருக்கு? அதுல தோலோ பூவோ ஏதாவது போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார்.

இப்படி நாங்கள் மாடிக்கும் கீழுக்குமாக அல்லாடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் நடைபாதையில் மச்சான் எதிரே வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சின்னப் படிக்கம். இவள் முகமெல்லாம் மலர்ந்து, "தம்பி" என்று வாயெடுத்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே எங்களைக் கடந்து போனான். சுவரில் ஒன்றும் இல்லை, நான் பார்த்தேன்.

"வேலை நேரம். அவனும் என்ன பண்ணுவான்?" என்றாள் இவள். நான் கேட்கவே இல்லை.

ஆனாலும் அவன் ஏதோ செய்திருக்க வேண்டும், அல்லது எங்களைப் பார்த்துப் பார்த்துக் காவலாளிக்கே அலுத்திருக்க வேண்டும். எங்கள் டீயை முழு அமர்வில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். எல்லா நாக்குகளும் ஒன்றாக உட்கார்ந்து சுவைப்பதற்குப் பெயர் முழு அமர்வு. அன்று காலை மச்சான் கடைக்கு வந்து வழக்கம்போல் குடித்தான், கடைசி வாயைக் கண்ணை மூடி விழுங்கினான். "இன்னைக்கு முடிஞ்சுடும் அக்கா. சாயங்காலம் முத்திரையோட வர்றோம்" என்றான். வர்றோம் என்றுதான் சொன்னான்.

பெரிய கூடம். நீள மேசையின் ஒரு பக்கம் நாக்குகள், எதிர்ப்பக்கம் சுவரோரம் இரண்டு முக்காலியில் நாங்கள். முதலில் படிக்கங்கள் உள்ளே வந்தன. சேவகர் ஒருவர் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வைத்தார். தலைமை நாக்கின் படிக்கம் வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். அது வெள்ளி. குழந்தையைக் குளிப்பாட்டலாம், அத்தனை பெரிது. தலைமை நாக்கு அதற்குப் பின்னால் நடந்து வந்தார். வந்தவர் உட்காரவில்லை, பேசினார்.

"நண்பர்களே, விழுங்குகிறவனுக்கு ஆசை உண்டு. ஆசை உள்ளவனுக்கு நடுநிலை கிடையாது. நான் இந்தப் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து ஒரு வாய் தேநீர்கூட விழுங்கியதில்லை. என் மனைவி போட்டுத் தந்த தேநீரையும் அவர் கண் முன்னாலேயே துப்பினேன். அவர் இப்போது தன் தாய் வீட்டில் இருக்கிறார். என் மகனின் திருமணத்தில் சம்பந்தி கொடுத்த தேநீரையும் துப்பினேன். அந்தச் சம்பந்தம் இப்போது இல்லை. நடுநிலை என்றால் அதுதான். இன்றைக்குத் தேநீரைப் பற்றி என் அளவுக்கு ஒன்றும் தெரியாத மனிதன் இந்த நாட்டிலேயே கிடையாது என்று என்னால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியும்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் மணம் ஆறும் அறைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

சுவைத்தல் தொடங்கியது. மூத்தவரிலிருந்து இளையவர் வரை வரிசையாக உறிஞ்ச வேண்டும், துப்ப வேண்டும், ஒரு சொல் சொல்ல வேண்டும். சாப்பிடுகிற பொருள் எதன் பெயரையும் சொல்லக் கூடாது, பிடித்தது பிடிக்கவில்லை என்றும் சொல்லக் கூடாது. தலைமை நாக்கு உறிஞ்சித் துப்பினார். வெள்ளியில் விழுந்த சத்தம் கூடத்தைச் சுற்றி வந்தது. "பூட்டிய வீட்டின் ஜன்னல்" என்றார். அடுத்தவர் துப்பி, "ஈரக் கைப்பிடி" என்றார். அதற்கடுத்தவர், "மழைக்கு முந்திய மரப்படி" என்றார். இன்னொருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "எனக்கும் அதே படிதான்" என்றார். என் மனைவி என் காதருகே குனிந்து, "நம்ம டீயைத்தான் சொல்றாங்களா?" என்று கேட்டாள்.

கடைசியில் மச்சான் முறை வந்தது. கோப்பையை எடுத்தான், உறிஞ்சினான். கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தான். நாங்கள் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். சத்தம் வரவில்லை. அவன் தொண்டை ஏறி இறங்கியது.

விழுங்கிவிட்டான். காலையில் கடையில் செய்கிற மாதிரியே, அதே முகத்தோடு. அவனுக்கே தெரியவில்லை. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் தொடங்கினான். இவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். மன்றம் என்ன சொன்னால் என்ன, அவளுக்கு வேண்டிய தீர்ப்பு அவளுக்குக் கிடைத்துவிட்டது.

சேவகர் குனிந்து அவன் படிக்கத்தைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கி எல்லோருக்கும் சாய்த்துக் காட்டினார். காய்ந்து கிடந்தது.

தலைமை நாக்கு மெதுவாகக் கேட்டார். "விழுங்கினீர்களா?"

மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது. "இல்லைங்க ஐயா."

"அப்படியென்றால் தேநீர் எங்கே?"

"உள்ள போயிடுச்சுங்க ஐயா."

"இந்த விண்ணப்பதாரரை உங்களுக்கு முன்பே பழக்கம் உண்டா?"

அவன் எங்கள் பக்கம் பார்த்தான். அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே மூக்கு, நுனியில் ஒரே மாதிரி சின்ன வளைவு. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கண் இருந்தது. நாக்கு வேலைக்குக் கண் தேவையில்லை போலிருக்கிறது.

"பழக்கமில்லைங்க ஐயா. இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது."

"இந்தத் தேநீரை முன்பு குடித்திருக்கிறீர்களா?"

"இல்லைங்க ஐயா." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, தப்பிக்க வழி கிடைத்தவனின் வெளிச்சம். "நான் விழுங்கலைங்க ஐயா. இந்த டீதான் என்னை விழுங்க வெச்சிடுச்சு. வாய்க்குள்ள போனதும் ஆளை ஏமாத்தி அதுவா இறங்குது. இது சாதாரண டீ இல்லைங்க. ஏதோ திட்டம் போட்டுச் செஞ்ச மாதிரி இருக்கு."

நான் எழுந்துவிட்டேன். இவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ருசி போய் அடுப்படியில் அழுதானே, அன்றைக்கும் அவனை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாக்குகள் தலையை ஒன்றாக வைத்துப் பேசினார்கள். பிறகு தலைமை நாக்கு எழுந்தார்.

"பயிற்சி பெற்ற ஒரு நாக்கையே இந்தத் தேநீர் விழுங்க வைத்திருக்கிறது என்றால், பயிற்சி இல்லாத பொதுமக்களின் கதி என்ன? அவர்கள் இதை வாங்குவார்கள். குடிப்பார்கள். விழுங்கியும் விடுவார்கள். மறுநாளும் வந்து கேட்பார்கள். இதை இந்த மன்றம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க முடியாது. விழுங்கத் தூண்டும் இயல்பு உடையது என்பதால் இந்தக் கலவை தடை செய்யப்படுகிறது. டப்பாவில் உள்ள மீதியை மன்றமே பாதுகாப்பாக அழித்துவிடும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். மன்றத்தைத் திட்டினேன், வெள்ளிப் படிக்கத்தைத் திட்டினேன், சுற்றி வளைத்துக் கடைசியில் மச்சானிடம் வந்தேன். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"டீயைத் தடை பண்ணினதுக்கு நான் ஒண்ணும் நினைக்கல. என்னைத் தெரியாதுன்னு சொன்னான் பாருங்க, அதுகூடப் பயத்துல சொன்னான்னு வெச்சுக்கலாம். ஏமாத்தறேன்னு சொன்னானே. அவனுக்கு நாக்கு வரணும்னு போட்ட டீங்க அது." பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சில நாள் கழித்துச் சேவகர் எங்கள் தகர டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தால் துளித் தூள் இல்லை.

"அழிச்சாச்சுங்க" என்றார். "எல்லாரும் சேர்ந்துதான் அழிச்சாங்க. அவங்கவங்க அறையில, கதவைச் சாத்திக்கிட்டு. பெரியவர் மட்டும் ரெண்டு தடவை அழிச்சாரு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்குங்களா?" என்று கேட்டார். விற்கக் கூடாதே என்றேன். சரிதான் என்று ஒரு பால் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

கடையில் கூட்டம் குறைந்துபோனது. மருத்துவமனையிலிருந்து வருகிறவர்கள் அந்த டீயைக் கேட்பார்கள், இல்லை என்றதும் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். காரணம் கேட்டவர்களிடம், குடித்தால் விழுங்கிவிடுவீர்களாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அவரவர் கவலை.

அப்படி ஒரு காலையில் மச்சான் வந்தான். கழுத்தில் புது அட்டை. துணை நாக்கு என்று போட்டிருந்தது. ஆபத்தான ஓர் இயல்பைத் தன் உடம்பிலேயே வாங்கிக் கண்டுபிடித்துச் சொன்னதற்காகப் பதவி உயர்வு. தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அக்கா, கோவமா?"

இவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க அப்படித்தான் பேசியாகணும். உனக்கே தெரியும். என் மனசுல ஒண்ணும் இல்லக்கா."

"மனசுல ஒண்ணும் இல்லன்னு எனக்கும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அவன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தி, "அந்த டீ கொஞ்சம் இருக்கா? யாருக்கும் சொல்ல மாட்டேன். அது இல்லாம காலையில வாயெல்லாம் சுண்ணாம்பு மாதிரி இருக்கு" என்றான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று நான் கிளம்பினேன். இவள் பார்த்த பார்வையில் கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் வைத்தாள். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிப் போட்டாள், இதழைப் போட்டாள். ஒன்றையும் குறைக்கவில்லை. வாசனை வந்ததும் மூலை மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். அவன் ஆசையாக ஒரு வாய் நிறைய எடுத்து, கண்ணை மூடிக்கொண்டான்.

கண்ணைத் திறந்தபோது அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், நாங்கள் எச்சில் தண்ணீர் கொட்டுகிற நீல வாளி இருந்தது.

"துப்புங்க" என்றாள் இவள். பிறந்ததிலிருந்து அவனை வாடா போடா என்றே பேசியவள். "உங்களுக்குப் பழக்கமில்லாத இடம். விழுங்கக் கூடாது."

கன்னம் இரண்டும் உப்பியபடி அவன் அவளைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். ஏதோ சொல்ல வேண்டும் என்று தவித்தது கண்ணில் தெரிந்தது. சொல்ல வேண்டுமானால் துப்ப வேண்டும், இல்லை விழுங்க வேண்டும். இரண்டையும் செய்ய முடியாமல் எழுந்தான். கண் கலங்கியிருந்தது. வாயை மூடிக்கொண்டே படியிறங்கித் தெருவில் போனான். இவள் வாசல் வரை போய், அவன் பஸ் நிறுத்தத்தில் திரும்பும் வரை நின்று பார்த்தாள்.

"விழுங்கிட்டானா?" என்று கேட்டேன்.

"தெரியல."

மீதி டீயை வாளியில் கொட்டிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மூலை மேசைக்குப் போட்டாள். அங்கே நின்றுகொண்டே குடித்துக்கொண்டிருந்தவர் உட்கார்ந்தார்.